முத்தட்டும்

மீன் தலைக் குழம்பு சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வெள்ளை உருண்டை தெரிந்திருக்கும். தலையைப் பிரித்து, கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பை உறிஞ்சிய பிறகு நாக்கில் தட்டுப்படும். கடித்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரும். பெரும்பாலோர் துப்பிவிடுவார்கள். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை இலை ஓரத்தில் அடுக்கி, யாருக்கு எத்தனை என்று எண்ணுவோம். ஆச்சி மட்டும் வாயில் போட்டு மெல்லுவாள். "கண்ணுக்கு நல்லதுலா" என்பாள்.

குழம்பில் விழும் முன் அது வெள்ளையாக இருந்ததில்லை. பச்சை மீனின் கண்ணைக் கீறி எடுத்துப் பாருங்கள், கண்ணாடிக் கோலி. அதுதான் கண்வில்லை. செய்தித்தாள் மேல் வைத்தால் அடியிலிருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியும். சூடு பட்டதும் வெளுத்துக் கெட்டியாகிவிடுகிறது. முட்டையின் வெள்ளைக்கருவும் அப்படித்தான் வெளுக்கிறது, இரண்டிலும் காரணம் புரதம். ஆனால் வெள்ளைக்கருவில் புரதம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மனிதனின் கண்வில்லையிலோ எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம். உடம்பில் வேறெந்தத் திசுவிலும் புரதம் இவ்வளவு நெருக்கியடித்து இருப்பதில்லை.

இவ்வளவு கெட்டியான கரைசல் பாலைப் போலக் கலங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். அது தெளிவாக இருப்பதுதான் விந்தை. வில்லைச் சாற்றில் தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்தால், ஒரு கட்டம் வரை கலங்கல் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. 1983இல் தெலாய், தார்தியூ என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் சொன்னார்கள். மூலக்கூறுகள் தோளோடு தோள் இடித்து ஓரளவு சீரான இடைவெளியில் நிற்கும்போது, ஒவ்வொன்றும் சிதறடிக்கும் ஒளியை அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளி அழித்துவிடுகிறது. நெரிசல் குறைந்தால் அந்தக் கணக்கு குலையும். கூட்டம் கூடினால் குழப்பம் என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

ஆச்சியின் வலது கண்ணில் புரை விழுந்தது 1981 வாக்கில். பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு அப்பா கூட்டிப்போனார், நானும் போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னும் முத்தலை பாட்டி. முத்தட்டும், அடுத்த வருஷம் வாங்க" என்றார். ஆச்சிக்கு அது நியாயமாகவே பட்டது. முத்தாத முருங்கைக்காயை யார் விதைக்கு எடுப்பார்கள்? அடுத்த வருஷம் முகாம் வந்தபோது அத்தைக்குப் பிரசவம். அதற்கடுத்த வருஷம் ஆச்சியே "இந்தக் கண்ணு தெரியுதுலா, போதும்" என்று இடது கண்ணைக் காட்டிச் சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் வலது கண் சிவந்தது. "உள்ள யாரோ உலக்கையப் போட்டு இடிக்காப்புல இருக்கு" என்றாள். நெற்றியில் சுக்குப் பற்று போட்டார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். வாந்தி எடுத்தாள், பித்தம் என்றார்கள். எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு செத்துவிட்டது என்றார்கள். வலி அடங்குவதற்காக ஆபரேஷன் செய்தார்கள். பார்வை திரும்பவில்லை. புரை விழுந்தால் பார்வைதானே மங்கும், ஏன் வலிக்க வேண்டும்? அப்போது அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைக்கத் தொடங்கியது ஆட்டுக் கண்ணில்.

உயிர்வேதியியல் படித்து, சென்னையில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தபோது வில்லைப் புரதங்களைப் பிரித்தெடுக்கும் வேலை வந்தது. விடியற்காலையில் ஆட்டுத்தொட்டிக்குப் போய், வெட்டிய ஆடுகளின் கண்களைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வாங்கி வருவேன். பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்து "மீனா சார்? நாறாதே?" என்று கேட்பார். "நாறாது" என்று மட்டும் சொல்வேன்.

கருவிழியின் ஓரமாகப் பிளேடால் வெட்டி, பின்னாலிருந்து மெல்ல அழுத்தினால் வில்லை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நுங்கை நோண்டியவர்களுக்கு அந்தக் கைப்பழக்கம் சட்டென்று வந்துவிடும். மேலே மெல்லிய உறை இருக்கும். அதை இடுக்கியால் உரித்துவிட்டு, குளிர்ந்த உப்புக் கரைசலில் வில்லையைப் போட்டு மெதுவாகச் சுற்றவிட வேண்டும். அவசரப்பட்டு அரைத்தால் நுரைத்துப் பாழாகும். முதலில் கரைவது வெளிப்பகுதி. மையம் கடைசி வரை ஒரு சிறு கூழாங்கல் போலக் கிடக்கும்.

வெளியே இருப்பது புதியது, உள்ளே இருப்பது பழையது. வில்லை மரத்தைப் போல வளர்கிறது, மேலே மேலே அடுக்கு போட்டுக்கொண்டு. தோல் செல் உதிர்ந்துவிடும், ரத்த அணு நாலு மாதத்தில் செத்துவிடும். வில்லைச் செல் மட்டும் எங்கும் போவதில்லை. அது முதிரும்போது தன் உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் கரைத்துவிட்டு வெறும் புரதப் பையாக நிற்கிறது. உட்கரு இல்லாததால் புதிதாகப் புரதம் செய்யவும் முடியாது. அதனால் நம் வில்லையின் மையத்திலுள்ள புரதம் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது செய்தது. 1977இல் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைக் கொண்டு வயதையே கணக்கிடலாம் என்று காட்டினார்கள். புரதத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம் பிறக்கும்போது இடக்கை வடிவில் இருக்கும், ஆண்டுகள் போகப் போகச் சிறு விகிதத்தில் வலக்கை வடிவுக்கு மாறும். கிரீன்லாந்துச் சுறா 400 ஆண்டு போல வாழக்கூடும் என்று 2016இல் சொன்னதும் அதன் வில்லை மையத்தின் கார்பனை அளந்துதான். எங்கள் ஆச்சி பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாது. "பெரிய புயல் அடிச்ச வருசத்துக்கு மறுவருசம்" என்பாள், எந்தப் புயல் என்று கேட்டால் கோபம் வரும். அவள் கண்ணுக்குள் கணக்கு சரியாகவே எழுதியிருந்தது.

கரைந்ததைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் கரையாத பங்கு அடியில் படியும். மேலே தெளிவாக நிற்பதில் மூன்று வகைப் புரதங்கள் உண்டு. 1894இல் மோர்னர் என்ற ஸ்வீடன்காரர் மாட்டு வில்லையை எடுத்து, உப்பையும் அமிலத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்களை வைத்தார். மூன்றாவதுக்குக் காமா என்ற பெயர் பின்னால் வந்தது. அதே 1894இல்தான் ஸ்வீடனின் உப்சாலாவில் குல்ஸ்ட்ராண்டு என்பவர் கண் மருத்துவப் பேராசிரியரானார். இன்று எந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தாடையை வைக்கச் சொல்கிறார்களே, அந்த ஸ்லிட் லாம்ப்பை உருவாக்கியவர் அவர். 1959இல் அதே உப்சாலாவிலிருந்துதான் செஃபடெக்ஸ் வந்தது. அது டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியால் செய்த நுண்மணிகள். உயரமான கண்ணாடிக் குழாயில் இதை நிரப்பி, மேலே புரதக் கரைசலை ஊற்றி, கீழே சொட்டுச் சொட்டாகப் பிடிப்போம்.

வீட்டுச் சல்லடையில் சிறியது முதலில் விழும், பெரியது மேலே தங்கும். இங்கே தலைகீழ். மணிகளில் துவாரங்கள் உண்டு. திருவிழாக் கடைத்தெருவில் பெரியவர்கள் நேரே கோயிலைப் பார்த்து நடந்துவிடுவார்கள், பிள்ளைகள் ஒவ்வொரு கடைக்குள்ளும் புகுந்து புறப்பட்டுக் கடைசியில் வந்து சேரும். அதேபோல எட்டு லட்சம் டால்டன் எடையுள்ள ஆல்ஃபா முதலில் வரும். பிறகு பீட்டா. இருபதாயிரம் டால்டன் காமா கடைக்குக் கடை நின்று எல்லோருக்கும் பின்னால் வரும். ஆங்கிலத்தில் column எனப்படும் அந்தக் குழாயை ஆய்வகத்தில் எல்லோரும் 'காலம்' என்றுதான் சொல்வோம். "காலம் போட்டாச்சா?" "காலம் ஓடுதா?" ஒரு ராத்திரி மின்சாரம் போனதில் பம்ப் நின்று, காலையில் ஜெல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. "காலம் வறண்டுட்டுது சார்" என்று பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று வாரத்து வேலை போயிருந்தது.

பிரித்தெடுத்த பிறகுதான் இந்தப் புரதங்களின் குணம் தெரியவரும். எலிக்குட்டியின் வில்லையை ஐஸில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது ஜவ்வரிசி அளவுதான் இருக்கும். குளிர ஆரம்பித்ததும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றிப் பரவும், வேகாத ஜவ்வரிசி மாதிரி ஆகிவிடும். உள்ளங்கையில் எடுத்து மூடினால் ஒரு நிமிஷத்தில் வெண்மை கலைந்து, வெந்த ஜவ்வரிசி போலத் தெளிந்துவிடும். திரும்ப ஐஸ், திரும்ப வெள்ளை. காமா புரதம் குளிரில் கூட்டம் பிரிந்து தனித்தனித் திட்டாகிவிடுவதால் வரும் 'குளிர்ப் புரை' இது. வெளுத்த புரை கண்முன்னே குணமாவதை இங்கே பார்க்க முடியும். குழம்பில் வெந்த மீன் கண்ணையோ கிழவியின் கண்ணையோ எந்தக் கையில் வைத்து மூடினாலும் தெளியாது.

ஆல்ஃபாவின் வேலையை 1992இல் ஹார்விட்ஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். மற்ற புரதங்கள் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகப் போகும் நேரத்தில் ஆல்ஃபா அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்ததைச் சீர்செய்யத் தெரியாது, விடவும் தெரியாது. சாகும் வரை தாங்கிக்கொண்டே இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களின் வில்லை மையத்தில் தனித்துக் கரைந்திருக்கும் ஆல்ஃபா ஏறக்குறையத் தீர்ந்துபோகிறது. எல்லாக் கையும் ஏற்கெனவே யாரையோ பிடித்திருக்கிறது. அதற்கு மேல் குலைகிற புரதங்கள் ஒட்டிக்கொண்டு பெருங்கட்டியாகும், ஒளி சிதறும். நாம் அதைப் புரை என்கிறோம்.

இயற்கை இந்தப் புரதங்களைக் கண்ணுக்கென்று புதிதாகவும் செய்யவில்லை. வாத்தின் வில்லையில் ஏராளமாக இருக்கும் ஒரு புரதம் வேறெங்கும் லாக்டேட்டைக் கையாளும் சாதாரண நொதி என்று 1987இல் தெரியவந்தது. ஆல்ஃபாவுமே சூட்டில் செல்களைக் காக்கும் பழைய புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதில் ஒரு வகை இதயத்திலும் உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு போட்டு வைக்கும் வீட்டுப் புத்திதான்.

மனிதக் கண்ணிலிருந்து எடுத்த திரவத்தோடு எங்களுக்கு வேலை வந்தது இதற்கெல்லாம் பிறகு. வில்லைக்கும் கருவிழிக்கும் நடுவே அக்குவஸ் என்ற நீர் இருக்கிறது. மொத்தம் கால் மில்லி, ஒரு சின்னக் கரண்டியின் அடியை நனைக்கும் அளவு. நிமிஷத்துக்கு 2.5 மைக்ரோலிட்டர் சுரந்து, கருவிழி ஓரத்தில் இருக்கும் வலை போன்ற வடிகால் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் பழைய நீர் முழுக்கப் போய்ப் புதுநீர் வந்துவிடும். ரத்த பிளாஸ்மாவில் 100 மில்லிக்கு 7 கிராம் புரதம் என்றால், இதில் 20 மில்லிகிராம்தான். தெளிவுக்கு இங்கே விதியே வேறு. வில்லை நெரிசலால் தெளிகிறது, அக்குவஸ் வெறுமையால் தெளிகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது நான் ஆட்டுக் கண்ணில் இடுக்கியால் உரித்துப் போட்ட அந்த மெல்லிய உறை.

எங்களுக்கு வந்த குழாய்களில் ஆளுக்கு ஒன்றிரண்டு சொட்டுதான் இருந்தது. புரை முற்றி, கண் சிவந்து, அழுத்தம் ஏறி வந்த முதியவர்களிடமிருந்து அறுவைச் சிகிச்சையின்போது ஊசியால் எடுத்தது. தெளிவாக இருக்க வேண்டிய நீர் அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஆட்டு வில்லையில் புரதம் எடுப்பது கிணற்றில் மொள்ளுவது மாதிரி. இது இலைநுனிப் பனியைச் சேகரிக்கும் வேலை. குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டே பாதி போய்விடும். அதோடு கண் அழற்சியில் இருப்பதால் ரத்தக் குழாய்களின் கட்டு தளர்ந்து, ஆல்புமினும் எதிர்ப்புரதங்களும் உள்ளே வெள்ளமாக வந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் வில்லையிலிருந்து வந்தது எது, ரத்தத்திலிருந்து வந்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

எடை உதவும். ஆல்புமின் 66 ஆயிரம் டால்டன், ஆல்ஃபாவின் பக்கத்தில் சின்னப்பிள்ளை. ஆல்ஃபாவிலும் ஏ, பி என்று இரண்டு. பி இதயத்திலும் தசையிலும் இருப்பதால் அதன் சாட்சி செல்லாது. ஏ பெரும்பாலும் வில்லைக்கே உரியது, அது அக்குவஸில் தென்பட்டால் வில்லையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதிலும் அளவு முக்கியம், ஏனென்றால் நல்ல கண்ணின் அக்குவஸிலும் வில்லைப் புரதம் துளியளவு இருக்கிறது. எனக்கு நினைவிருப்பது வரைபடத்தின் முதல் மேடுதான். ஆல்ஃபா வரவேண்டிய நேரத்துக்கும் முன்னால், மணிகளின் எந்தத் துவாரத்துக்குள்ளும் நுழைய முடியாத ஏதோ ஒன்று நேரே நடந்து வந்திருந்தது. ஆட்டு வில்லையில் அந்த மேடு இவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை.

அது என்ன என்பதை 1978இலேயே பாஸ்டனில் எப்ஸ்டீன், ஜெட்ஜினியாக், கிராண்ட் என்ற மூவர் காட்டிவிட்டார்கள். முதிர்ந்த புரையில் புரதங்கள் ஒட்டி 15 கோடி டால்டனுக்கும் மேற்பட்ட எடையுள்ள கட்டிகளாகின்றன. கட்டி என்றாலும் நீரில் கரைந்தே இருக்கும். புரை மேலும் முற்றும்போது வில்லையின் வெளிப்பகுதி கூழாகிப் பாலாகிறது. உறை கசிய, பெருங்கட்டிகள் அக்குவஸில் இறங்குகின்றன. நோயாளிகளின் கண்நீரில் அவற்றை அடையாளம் கண்டார்கள். தானமாகக் கிடைத்த மனிதக் கண்களில் அவற்றைச் செலுத்திப் பார்த்தபோது வடிகால் அடைத்தது. அதற்கு முன் 1955இல் 138 கண்களை ஆராய்ந்த வேறு மூவர், கசிந்த புரதத்தை விழுங்கி உப்பிய வெள்ளணுக்கள்தான் வலையை அடைக்கின்றன என்று சொல்லியிருந்தார்கள். இரண்டும் நடக்கிறது என்பதே சரி. சுரப்பு நிற்காது, வடிகால் மட்டும் அடைபடும். அழுத்தம் ஏறும். ஆச்சியின் கண்ணில் உலக்கை இடித்தது இப்படித்தான்.

இந்த ஆபத்து 1900இலேயே எழுத்தில் பதிவானது. கிஃபோர்டு என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே முதுமைப் புரை தானாகக் குணமாவதில் உள்ள ஆபத்தைப் பற்றியது. கூழான வில்லை கசிந்து சுருங்கும்போது சிலருக்குக் கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். "கண்ணு தெளியுது" என்று வீடே மகிழும். அந்தத் தெளிவுக்கான விலை உள்ளே வடிகாலில் ஏறிக்கொண்டிருக்கும். ஊர் ஊராகப் போய், ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிட்டுக் காசு வாங்கியவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1904 முதல் 1914 வரை சென்னை அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய எலியட், அப்படிக் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து ஆராய்ந்து, 1917இல் லண்டனில் சொற்பொழிவாகவும் பிறகு நூலாகவும் தந்தார். அவர் கண்ட கேடுகளில் கண் அழுத்தமும் ஒன்று. தள்ளிய மறுநாள் ஆள் பார்த்துவிடுவான். தள்ளியவன் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண் வலிக்கத் தொடங்கும்.

முகாம் டாக்டரை நான் இன்று குறை சொல்லத் தயாரில்லை. அந்தக் காலத்துக்கு அவர் சொன்னது சரி. முற்றாத புரையில் பிசுபிசுப்பான வெளிப்பகுதி கண்ணுக்குள் ஒட்டி மிஞ்சிவிடும் என்ற பயம் பழையது. அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடிதான் என்பதால், மிச்சப் பார்வை இருக்கும்போதே கைவைக்கத் தயங்கினார்கள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976இல். உள்வைக்கும் லென்ஸை அங்கேயே குறைந்த விலையில் செய்ய ஆரம்பித்தது 1992இல். ஆச்சி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். ஆனால் அந்தச் சொல்லின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அறுவை முறை மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, 'முத்தட்டும்' மட்டும் இன்னும் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. நெல் முற்றுவதும் தேங்காய் முற்றுவதும் நமக்கு நல்ல செய்தி என்பதால் அந்தச் சொல்லுக்குள் காத்திருப்பும் பொறுமையும் தானாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. முற்றிய புரைக்குள் நடப்பது அழுகல்.

மதுரை அரவிந்த் மருத்துவர்கள் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், புரையால் கண் அழுத்தம் ஏறி வந்த 93 பேரைப் பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறி 5 நாளுக்கு மேல் ஆகி வந்தவர்களுக்குப் பார்வை திரும்பாமல் போகும் ஆபத்து தெளிவாகவே அதிகம். நாங்கள் போனது எட்டாம் நாள்.

வீட்டில் வயதானவர் யார் கண்ணிலாவது வெள்ளை தெரிந்தால், அடுத்த கண் தெரிகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். புரை விழுந்த கண் சிவந்து, தலைவலியோடு வாந்தியும் வந்தால் அதைப் பித்தம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே வண்டி பிடியுங்கள்.